நோன்பு காத்த பாகு

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே காஞ்சிபுரத்து மாவு மில்களுக்கு ஈர அரிசி வரத் தொடங்கிவிடும். எவர்சில்வர் தூக்கிலும் அகலமான டப்பாவிலும், மேலே துணி போட்டு மூடி, பெண்கள் எடுத்துவருவார்கள். ஊறவைத்து, நீர் வடித்து, துவைத்த வேட்டியில் பரப்பி நிழலில் ஆறவிட்ட பச்சரிசி அது. தொட்டால் கையில் ஒட்டக் கூடாது. ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உள்ளங்கை குளிர வேண்டும். அந்தப் பதம் வெகுநேரம் தங்காது. அரிசி காய்ந்துவிட்டால் அதிரசம் கடினப்பட்டுப்போகும், ஈரம் கூடிவிட்டால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிடும். மிளகாய் அரைக்க வந்தவர் அன்றைக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியதுதான். “நோன்பு மாவுங்க” என்று சொல்லிவிட்டால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

தமிழ்நாட்டில் தீபாவளி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. காவிரிக் கரையிலும் தெற்கிலும் சதுர்த்தசி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் ஓர் உருண்டை விழுங்கி, புதுத்துணி உடுத்திக்கொண்டால் பண்டிகையின் பெரும்பகுதி முடிந்துவிடும். காஞ்சிபுரம், வேலூர், சென்னை என்று வடமாவட்டங்களில் நோன்புள்ள குடும்பங்களுக்கு அது பாதிதான். மறுபாதி அமாவாசையில் இருக்கிறது: கேதார கௌரி நோன்பு. சிவனை மட்டுமே வலம்வந்து தன்னை விட்டுவிட்ட பிருங்கி முனிவரால் மனம் நொந்த பார்வதி, விரதமிருந்து ஈசன் உடலில் பாதியைப் பெற்றாள் என்பது இதன் புராணம். புரட்டாசி வளர்பிறை தசமியில் தொடங்கி 21 நாள் இருக்க வேண்டிய விரதம் பல வீடுகளில் கடைசி ஒரு நாளாகச் சுருங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பெண்கள் 21 நாளும் விரதமிருந்து கோயிலில் காப்புக் கட்டிக்கொள்வதை இன்றும் காணலாம். காஞ்சிப் பக்கத்தில் நாள் குறைந்ததே தவிர எண் குறையவில்லை. 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 மஞ்சள், 21 முடிச்சிட்ட கயிறு, 21 அதிரசம்.

சதுர்த்தசியும் அமாவாசையும் அடுத்தடுத்த நாளில் வந்தால் வீட்டுக்கு நிம்மதி. தீபாவளியன்று காலையில் இட்லியும் கறிக்குழம்பும். மறுநாள் வீடு வாசல் கழுவி, அடுப்பைத் துடைத்துக் கோலமிட்டு நோன்பு. இரண்டும் ஒரே நாளில் விழுந்தால் கறி தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

தறி இருக்கும் வீட்டில் இந்த நோன்புக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பிள்ளையார்பாளையத்திலும் சின்ன காஞ்சிபுரத்திலும் ஓரிக்கையிலும் நெசவாளர் வீட்டுக் கூடத்தின் பெரும்பகுதியைக் குழித்தறி பிடித்துக்கொண்டிருக்கும். அடுக்களை அதற்குப் பின்னால். பண்டிகைக்கு முந்திய வாரங்களில்தான் காந்தி ரோடு பட்டுக்கடைகளில் கூட்டம் ஏறும். சங்கத்துக்கு நெய்பவர் சேலையைக் கொடுத்துக் கூலியும் போனஸும் வாங்க வேண்டும். முதலாளிக்கு நெய்பவர் முன்பணத்தைக் கழித்தாக வேண்டும். எல்லாம் தீபாவளிக்கு முன்பே. கோர்வைச் சேலை ஒருவரால் ஆகிற வேலை இல்லை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், ஓடுவது மூன்று நாடா. பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை வாங்கி எறிய இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். தார் சுற்றித் தருவதும் அவர்தான். 2019–20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகவும் அவர்களில் சுமார் 72 சதவீதம் பெண்கள் என்றும் சொன்னது. நாடா எறிந்த அதே கைதான் அரிசியைக் களைந்து ஊறவைக்கிறது, வெல்லத்தைத் தட்டுகிறது.

போதாக்குறைக்கு மழை. ஐப்பசி என்றால் வடகிழக்குப் பருவக்காற்று. தறிக்குழியில் ஈரம் ஊறும், பட்டிழை பிசுபிசுக்கும். தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டு ஆற்றுவதற்கு வெயில் வேண்டும், அது கிடைக்காது. அரிசிக்கும் அதே தொல்லை. மின்விசிறிக்கு அடியில் வேட்டியை விரித்து, தறிக்கும் சுவருக்கும் இடையே கிடைக்கும் இடத்தில் அரிசியைப் பரப்பிவிட்டு, மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போவார்கள். எண்ணெய்க் கை மட்டும் தறிப்பக்கம் வரக் கூடாது. பட்டில் ஒரு சொட்டு பட்டாலும் நெய்த அத்தனை நாள் உழைப்பும் கேள்விக்குள்ளாகும். எனவே சேலையை அறுத்து மடித்த பிறகே எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றுவது என்று வைத்துக்கொண்ட வீடுகள் உண்டு. சேலை முடிகிற நாளைப் பார்த்துப் பாகு வைக்கிற நாளைக் குறிப்பார்கள்.

பாகுதான் எல்லாமே. சேர்மானத்தை எழுதினால் நான்கு வரி வராது: ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம், ஏலக்காய், சுக்கு, பொரிக்க எண்ணெய். சிலர் எள் சேர்ப்பார்கள். வெல்லத்தைக் கொஞ்சம் நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி கொதிக்கவிட வேண்டும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். பாகில் ஒரு சொட்டை அதில் விட்டுப் பார்ப்பார்கள். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. விரலால் கூட்டும்போது திரண்டு, எடுத்து உருட்டினால் மெத்தென்று நின்றால் உடனே இறக்க வேண்டும். அந்த உருண்டையைக் கிண்ணத்தில் போட்டு ‘டங்’ என்று சத்தம் கேட்டால் பதம் கடந்துவிட்டது. அது கடலை உருண்டைக்கான பாகு, அதிரசத்துக்கு ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது சில விநாடிகள். வெல்லத்துக்கு வெல்லம் அது மாறும். புது வெல்லம் ஒரு மாதிரி, பழையது ஒரு மாதிரி. மழை நாளில் இன்னொரு மாதிரி. “பாகு வந்துடுச்சா பாரு” என்று உள்ளிருந்து ஆயா குரல் கொடுக்கும்போது, வந்ததா இல்லையா என்று தெரியாமல் கரண்டியோடு நிற்கும் மருமகளின் முகம் காஞ்சிபுரத்துத் தெருக்களில் எத்தனையோ வீடுகளுக்குப் பொதுவானது.

இறக்கிய பாகில் மாவைத் தூவித் தூவிக் கிளற வேண்டும். ஒருவர் தூவ, ஒருவர் கிளற. கட்டி தட்டக் கூடாது, இறுகவும் கூடாது. சட்டியில் இருப்பது கொஞ்சம் தளர்வாகவே தோன்றும். பயந்துபோய் மேலும் மாவைக் கொட்டுவதுதான் புதியவர்கள் செய்வது. ஆறினால் தானே இறுகும் என்பதைப் பார்த்துப் பழகியவர்தான் நம்புவார். மேலே கொஞ்சம் நெய் தடவி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி இரண்டு மூன்று நாள் விட்டுவிடுவார்கள். அந்த ஓய்வில் ஈரமும் இனிப்பும் மாவு முழுக்கச் சீராகப் பரவும். அவசரமாக அன்றே சுட்டால் உள்ளே ஒரு மாதிரியும் விளிம்பில் ஒரு மாதிரியும் இருக்கும். பிறகு வாழையிலைத் துண்டில் எண்ணெய் தொட்டுத் தட்டி, மிதமான தீயில் ஒவ்வொன்றாகப் போட்டு, பொன்னிறம் தாண்டிச் சிவந்ததும் எடுத்து, இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தி எண்ணெயைப் பிழிவார்கள். முதலில் வரும் 21 சாமிக்கு. அதுவரை யாரும் விண்டுகூடப் பார்ப்பதில்லை. இனிப்பு கூடவா குறைவா என்று நாக்கில் வைத்துப் பார்க்கக் கிடையாது. சுவைக்காமல் சமைக்க வேண்டும் என்ற அந்தக் கட்டுப்பாடு கண்ணையும் மூக்கையும் விரலையும் எவ்வளவு கூர்மையாக்கிவிடுகிறது!

எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதல் பாகம் 1951இல் வந்தது. கூட்டுக் குடும்பம் கலைந்து தனிக்குடித்தனம் போன எத்தனையோ பெண்களுக்கு அந்த நூல் மாமியாராகவும் தாயாகவும் இருந்திருக்கிறது. அதன் அளவுகள் ஆழாக்கிலும் படியிலும் இருந்தன. 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பிறகு கடைகள் மெல்லக் கிலோவுக்கும் லிட்டருக்கும் மாறின. அடுக்களையில் படி இன்னும் சில காலம் இருந்தது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதை இன்றைக்குக் கேட்டால் பேத்தி விழிப்பாள். அளவு எந்த மொழியில் இருந்தாலும் சரி, பாகுப் பதத்தை மட்டும் எந்தப் புத்தகமும் முழுதாகக் கைமாற்றியதில்லை. கிண்ணத்துத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

இவ்வளவு தொல்லை பிடித்த ஒரு பலகாரம் எப்படி வீட்டுக்குள் இன்னும் தங்கியிருக்கிறது? முறுக்கு கடைக்குப் போய்விட்டது. சோமாஸும் ரவா உருண்டையும் போய்விட்டன. சுழியம் டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் தனியாக வாழ்கிறது. மனோகரத்தைச் செய்யத் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். இவை எதுவும் அதிரசத்தைவிடக் கடினமானவை அல்ல. ருசியிலும் குறைந்தவை அல்ல. ஆனால் இவற்றை வீட்டில்தான் செய்ய வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. அதிரசத்துக்கு விதி இருந்தது. குளித்து, ஈரத் தலையை முடிந்துகொண்டு, பட்டினி கிடந்து, வீட்டு அடுப்பில் சுட்டதே தட்டில் ஏறும் என்ற விதி. பண்டிகைச் சமையலைப் பற்றிப் பேசும்போது நாம் ருசியையும் நினைவையும் மட்டும் கொண்டாடுகிறோம். பிடித்தது என்பதற்காக மட்டும் ஒரு கைப்பக்குவம் மூன்று தலைமுறை நீடிப்பது அரிது. கடமை என்று ஒன்று இருந்தால் பிடிக்காத ஆண்டிலும் அது செய்யப்படும்.

இதற்குச் சாட்சி ஊருக்குள்ளேயே இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயிலில் நிவேதனமாகும் இட்லி, வீட்டு இட்லியின் வடிவத்திலேயே இருக்காது. பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை வைத்த நீளமான மூங்கில் குடலையில் ஊற்றி, இரண்டு மூன்று மணி நேரம் ஆவியில் வேகவைப்பார்கள். வெந்ததும் குடலையிலிருந்து உருவி எடுத்துத் துண்டு போடுவார்கள். மிளகாய் கிடையாது. அது போர்த்துக்கீசியரோடு கடல் கடந்து வந்த சரக்கு. மடைப்பள்ளி மிளகோடு நின்றுவிட்டது. 10ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான ‘வட்டாராதனெ’யிலேயே இட்லியின் பெயர் வருகிறது என்பார்கள் உணவு வரலாற்றாளர்கள். அந்த நீண்ட பயணத்தில் இட்லி எவ்வளவோ மாறியது. புழுங்கலரிசி வந்தது, குழித்தட்டு வந்தது, குக்கர் வந்தது. காஞ்சிபுரத்து வீடுகளிலும் குடலை இட்லி டம்ளர் இட்லியாகிவிட்டது. மந்தாரை இலைக்குப் பதில் வாழையிலை, அதுவும் இல்லையென்றால் எண்ணெய் தடவிய எவர்சில்வர். அந்த டம்ளர் இட்லியும் மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெயோடு சாப்பிட அருமைதான். ஆனால் குடலையும் மந்தாரையும் பிழைத்திருப்பது, தவறாமல் படைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும் இடத்தில்.

அதிரசமும் ஒரு காலத்தில் கோயில் படியாகக் கல்லில் ஏறியது. விஜயநகர மன்னர்கள் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் அதிரசப்படி, அப்பப்படி, வடைப்படி, சுகியன்படி, மனோகரப்படி என்று நிவேதனங்கள் வரிசையாக வருகின்றன. இன்னின்ன பொருள் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கணக்கோடு. சமையல் குறிப்புகள் அரிதாகவே எழுதப்பட்ட காலத்தில் அறக்கட்டளைச் சாசனமே அந்த வேலையையும் செய்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு மடைப்பள்ளிக்காரர் ஒருவர் பிள்ளையார்பாளையத்து அடுக்களைக்குள் இன்று நுழைந்தால், கேஸ் அடுப்பைக் கண்டு திகைப்பாரே தவிர, சட்டியில் கொதிப்பது எதற்கான பாகு என்பதைச் சொல்லிவிடுவார்.

காஞ்சியோடு பிணைத்துப் பேசப்படும் இன்னொரு நோன்பும் உண்டு. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரத்தில் வரும் காரடையான் நோன்பு. அதைக் காமாட்சி நோன்பு என்றும் சொல்வார்கள். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தடியில் மணலால் லிங்கம் பிடித்துப் பூசித்த காமாட்சியோடு அந்த விரதத்தைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். வறுத்த அரிசிமாவு, காராமணி, தேங்காய், வெல்லம். ஆவியில் வெந்த அடையோடு உருகாத வெண்ணெய். வெல்ல அடையும் உப்பு அடையும் ஆண்டுக்கு ஒரு முறை, பஞ்சாங்கம் சொன்ன நேரத்தில், நள்ளிரவானாலும் அதிகாலையானாலும் செய்யப்படுகின்றன. எந்த ஓட்டலிலும் தினசரிப் பண்டமாக அது ஆகவில்லை. ஆண்டில் மற்ற 364 நாளும் அதை நினைக்காத வீடுகள்கூட அந்த ஒரு நாள் காராமணியை ஊறவைத்துவிடுகின்றன.

கட்டாயம் காத்தது என்று சொல்லும்போது அது யாரை வருத்தியது என்பதையும் சொல்லியாக வேண்டும். பட்டினியோடு எண்ணெய்ச் சட்டி முன்னால் மணிக்கணக்கில் நிற்பவள் பெண். மாதவிலக்கானால் அவளே விலகி உட்கார வேண்டும். கணவனை இழந்தவர் நோன்பில் முன்னே நிற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல வீடுகளில் இருந்தது. சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. பெரும்பாலும் பாகு தெரிந்தவர் அந்த ஆயாதான். ஐம்பது ஆண்டு பழகிய கை, கரண்டியைத் தொடாமல் கூடத்தில் உட்கார்ந்து வாயால் மட்டும் வழிசொல்ல வேண்டியிருந்தது. இது அநியாயம். அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, “வாங்க ஆயா, நீங்களே பாருங்க” என்று அடுப்படிக்கு அழைத்துக்கொண்ட வீடுகளில் நோன்புக்கு ஒரு குறையும் வரவில்லை. அதிரசமும் நன்றாக வந்தது.

நோன்புக் கதையே இந்த விஷயத்தில் மனிதர்களைவிட இளகிய மனம் கொண்டது. புண்ணியவதி, பாக்கியவதி என்ற சகோதரிகளைப் பற்றிச் சொல்லப்படும் கதையின் ஒரு வடிவத்தில், வறுமையில் இருக்கும் பெண்கள் ஆலம்பழத்தை அதிரசமாகவும் ஆலிலையை வெற்றிலையாகவும் ஆலம்விழுதை நோன்புக் கயிறாகவும் வைத்துப் படைக்கிறார்கள். அம்மையும் அப்பனும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். நெசவுத் தெருக்களில் இந்தக் கதைக்குத் தனி அர்த்தம் இருந்திருக்கும். பாவு வராமல் தறி சும்மா நின்ற தீபாவளிகளும் அங்கே உண்டு. வெல்லம் வாங்கக் காசில்லாத ஆண்டில் ஐந்து மட்டும் சுட்டு, மீதிக்கு மஞ்சளை வைத்து எண்ணிக்கையை நிரப்பியவர்கள் குற்றவுணர்வு கொள்ள அவசியமில்லை என்று கதையே சொல்லிவிடுகிறது. இன்று பாக்கெட்டில் விற்கும் அதிரச மாவை வாங்கிவந்து வீட்டில் சுடும் பெண்ணையும் அதே கண்ணோடு பார்ப்பதுதான் முறை. வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவர் மூன்று நாள் மாவை எப்படிக் காப்பார்?

வேலை என்பது இப்போது தறி மட்டும் இல்லை. 1998இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பிறகு அந்த வட்டாரத்திலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் பெருகின. அதிகாலையில் காஞ்சிபுரத்துச் சாலைமுனைகளில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இளைஞர்களில் நெசவாளர் பிள்ளைகள் நிறைய. மாதச் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்று எண்ணிப் பார்த்தால் அவர்கள் செய்தது சரியான முடிவு. 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது; அந்தப் பெருமை குழித்தறியில் கால் மரத்துப்போக உட்காரும் ஒருவரின் கூலியை ஆலைச் சம்பளத்துக்குச் சமமாக்கிவிடவில்லை. தறியை எடுத்துவிட்டுக் குழியை மூடிச் சிமெண்டு பூசிய கூடங்கள் இப்போது அகலமாக இருக்கின்றன. அரிசி உலர்த்த இடம் தாராளம். இரவு ஷிப்டு முடிந்துவரும் மகன், அம்மாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கி அதிரசம் பிழிவதும் இந்தப் புதிய ஏற்பாட்டில் நடக்கிறது. பாகு வைக்கும் நேரத்தில் செல்போனை நிமிர்த்திப் பிடித்துப் படமெடுத்து வைத்துக்கொள்கிறாள் சிங்கப்பூர் போகவிருக்கும் மகள்.

அவள் அங்கே நோன்பு எடுப்பாளா என்பது புகுந்த வீட்டைப் பொறுத்தது. கேதார கௌரி நோன்பு பிறந்த வீட்டு வழக்கமாகப் பெண்ணோடு போவதில்லை. கணவன் வீட்டில் நோன்பு உண்டென்றால் அவளுக்கும் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதனால் இந்தப் பாகு அம்மாவிடமிருந்து மகளுக்கு வருவதைவிட மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வருவதே அதிகம். நோன்பில்லாத தெற்கத்தி வீட்டிலிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணும், முதல் தீபாவளியில் கிண்ணத்துத் தண்ணீரோடு அடுப்படியில் நிற்கத்தான் வேண்டும். முதல் ஆண்டு வேடிக்கை பார்ப்பாள், அடுத்த ஆண்டு மாவு தூவுவாள். கரண்டி கைக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

குடும்பத்தில் சாவு நேர்ந்து நோன்பு நின்றுபோனால், மறுபடி தொடங்கவும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தாமாகத் தொடங்கிவிடுவதில்லை, நோன்பு விடாமல் எடுத்துவரும் ஒரு வீட்டைத் தேடிப்போவார்கள். அது பங்காளி வீடாக இருக்கலாம், நெடுநாள் பழகிய எதிர்வீடாகவும் இருக்கலாம். அங்கே போய் அவர்களோடு சேர்ந்து படைத்து, அவர்கள் கையால் கயிறு கட்டிக்கொண்டு, அவர்கள் சட்டியில் சுட்ட அதிரசத்தைத் தட்டில் வாங்கிவருவார்கள். அப்படி வாங்கப்போகிறவள் அன்று காலையில் போவதில்லை. நான்கு நாள் முன்பே, மாவு அரைக்கும்போதே போய்ச் சேர்ந்துகொள்வாள். “எங்க வீட்டு வெல்லம் கொஞ்சம் இளகல், நீ உங்க வீட்டுல வைக்கும்போது இன்னும் ஒரு கொதி கூட விடு” என்று அந்த வீட்டு அம்மா சொல்லி அனுப்புவார்.